அலெக்சாண்டர் எந்தக் கோயில்காரர்

இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்திச் செத்துப்போன ஒரு ராஜா எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் குறுக்கே வந்து நிற்பார் என்று நான் நினைத்ததில்லை. நின்றார். அவரைக் கூட்டி வந்தது நான்தான் என்று என் மனைவி ராக்கம்மாள் இன்றைக்கும் சொல்கிறாள். முழுப் பழியையும் நான் ஏற்க மாட்டேன்.

என் மகன் வழிப் பேத்தி திரிஷா ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் நிகோலா என்ற பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி, போன வருடம் அவனை எங்கள் ஊர் தேவாரத்துக்கே கூட்டி வந்து காட்டினாள். நெடுநெடுவென்று இருந்தான். கேட்டால் பதில் சொன்னான், கேட்காவிட்டால் சும்மா இருந்தான். எனக்கு அது போதும். எந்த ஊர் என்று மட்டும் விசாரித்தேன்.

"மாசிடோனியா, தாத்தா" என்றாள் திரிஷா.

பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியவன் எவனும் அடுத்து எதைக் கேட்பானோ அதையே நானும் கேட்டேன். "அலெக்சாண்டர் ஊரா?"

"அவுக ஏர்போர்ட்டுக்கே அலெக்சாண்டர் பேருதான் வச்சிருந்தாக. அப்பறம் மாத்திட்டாக."

ஏன் மாற்றினார்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என் பெரியப்பா மகன் ஒச்சாண்டி நாலு பேர் முன்னால் என்னை மடக்கினான். என்னைவிட இரண்டு வயது இளையவன். கோயில் காரியத்தில் எனக்கு எதிர்ப்பேச்சுப் பேசுவதையே தொழிலாக வைத்திருப்பவன்.

"மாப்பிள்ளை என்ன ஆளுகண்ணே?"

வெள்ளைக்காரன் என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வெள்ளைக்காரனை யாரும் அதற்கு மேல் விசாரிப்பதில்லை. ஆனால் ஒச்சாண்டி கேட்ட தோரணைக்கு அந்தப் பதில் போதாது என்று பட்டது. "அலெக்சாண்டர் ஆளுக" என்றேன்.

ஒரு வாரத்துக்குள் பங்காளி வீட்டு இளவட்டங்கள் முக்கில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். இடது பக்கம் குதிரைமேல் அலெக்சாண்டர். வலது பக்கம் கூலிங்கிளாஸ் போட்ட நிகோலா. கீழே கைகூப்பியபடி நான். 'மாமன்னர் அலெக்சாண்டரின் வாரிசே வருக' என்று கொட்டை எழுத்து. அதைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டதோடு நிற்காமல், ஒருவன் ஆங்கிலத்தில் வேறு எழுதிவிட்டான்.

பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள எனக்குப் பல நாள் ஆனது. தேவாரம் முக்கில் கட்டிய ஒரு ஃப்ளெக்ஸுக்கு அடியில் கிரீஸ் நாட்டுக்காரர்கள் வந்து வைதார்கள். அலெக்சாண்டர் எங்கள் கிரேக்கர், திருடாதே என்றார்கள். பையன் ஊர்க்காரர்கள் வந்து அவர்களைத் திருப்பி வைதார்கள். பல்கேரியாக்காரர் ஒருவர் வந்து இரண்டு பேரையும் வைதார். நடுவில் என் கைகூப்பிய படம்.

திரிஷா போன் செய்தாள். "தாத்தா, அதை மொதல்ல இறக்கச் சொல்லுங்க. என் டீம்ல எலெனின்னு கிரீஸ்காரப் பொண்ணு. ஒரே தட்டுல சாப்பிடுவோம். இப்ப மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குறா."

"செத்துப்போன ஆளுக்காகவா?"

"ஆமா. உங்களுக்குச் சிரமம்னா விட்டுருங்க தாத்தா. நாங்க கல்யாணத்த இங்கனயே ஆபீஸ்ல பதிஞ்சுக்கிறோம். எல்லாருக்கும் லேசு."

அவள் லேசு என்று சொன்னதுதான் எனக்குக் கனத்தது. எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி, பந்தல் இல்லாமல், பங்காளிகள் இல்லாமல், எங்கேயோ ஒரு மேசைக்கு முன்னால் கையெழுத்துப் போட்டுக் கழுத்தை நீட்டினாள் என்று ஒச்சாண்டி ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிவான். நான் உயிரோடு இருக்கையில் அது நடக்காது என்று தீர்மானித்தேன்.

முகூர்த்தக்கால் ஊன்றுவதற்குப் பங்காளிகள் அத்தனை பேரும் வந்து கை வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒரு வீடு விலகி நின்றாலும் அது கால் இல்லை, வெறும் கம்பு. அதற்கு நாள் குறிப்பதற்காக மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் சின்னக்கருப்பு கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். ஒச்சாண்டி தன் மகன் கர்ணனையும் கூட்டி வந்திருந்தான். கர்ணன் கல்லூரியில் சரித்திரம் சொல்லித்தருகிறவன். மடியில் லேப்டாப். நான் வெற்றிலைத் தட்டைக்கூட நகர்த்தவில்லை, ஒச்சாண்டி ஆரம்பித்துவிட்டான்.

"நாள் குறிக்கிறது இருக்கட்டும்ணே. மாப்பிள்ளை அலெக்சாண்டர் ஆளுன்னு நீங்க சொன்னிய. அது பொய்யிங்கிறான் என் மகன்."

"நான் பொய்யின்னு சொல்லலைப்பா" என்றான் கர்ணன். "பெரியப்பா, அந்த நாட்டுக்கு இப்பப் பேரு வடக்கு மாசிடோனியா. மாசிடோனியான்னு வைக்கக்கூடாதுன்னு கிரீஸ் சண்டை போட்டு, இருபத்தேழு வருசம் இழுத்து, கடைசியில வடக்குன்னு ஒட்டவச்சுத்தான் விட்டாக."

"வடக்குன்னா, தெக்க யாருடா இருக்காக?" என்று ஒச்சாண்டி கேட்டான்.

"தெக்கத்தி மாசிடோனியா கிரீஸுக்குள்ள இருக்கு. அலெக்சாண்டர் பெறந்த ஊரும் அங்கனதான்."

"அப்ப மாப்பிள்ளை வடக்குத் தெருக்காரரு. அலெக்சாண்டரு தெக்குத் தெரு." ஒச்சாண்டி மீசையைத் தடவிக்கொண்டான். சிலர் சிரித்தார்கள்.

எனக்குத் தலை சூடேறியது. "தெரு எதுவாவும் இருக்கட்டும். அலெக்சாண்டர் காலத்து மாசிடோனியாக்காரன் யாரு? கிரேக்கனா, இல்லையா? அதைச் சொல்லு" என்றேன். அவன் இல்லை என்று சொன்னால் எனக்கு வழி பிறக்கும். கிரீஸ்காரர்களுக்கு அலெக்சாண்டர் பேரில் பாத்தியதை இல்லை என்றாகிவிடும்.

கர்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். படித்தவர்கள் கண்ணாடியைத் துடைத்தால் நேரான பதில் வராது.

"அது தீராத வழக்கு பெரியப்பா. கிரேக்கருல ஒரு பிரிவுதான்னு நெறையப் பேரு சொல்றாக. இல்ல, பக்கத்துல இருந்த வேற சனம், பின்னால கிரேக்கரா மாறிட்டாகன்னு சொல்றவுகளும் இருக்காக. அந்தக் காலத்துலயே ஏதென்ஸ்ல ஒரு பேச்சாளர், அலெக்சாண்டரோட அப்பா பிலிப்பை, கிரேக்கனே இல்ல, நல்ல அடிமைகூட வாங்க முடியாத சீமையில இருந்து வந்தவன்னு கூட்டத்துல வஞ்சிருக்காரு."

"எப்ப வஞ்சாரு?" என்று ஒச்சாண்டி கேட்டான்.

"பிலிப்பு படையெடுத்து வாற சமயத்துல."

"அப்ப அது சாட்சிக்கு ஆகாது. சண்டை நேரத்துல சொந்தப் பங்காளியவே பங்காளி இல்லேம்போம்." என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நான் கண்டுகொள்ளவில்லை.

"என்ன பாசை பேசுனாகளாம்?" பெண்கள் பக்கத்திலிருந்து ராக்கம்மாள் கேட்டாள்.

"எழுத்தெல்லாம் கிரேக்கந்தான் கெடைக்குது பெரியம்மா. எழுதுறது ஒண்ணு, வீட்டுல பேசுறது ஒண்ணா இருக்கலாம்ல, அதான் பிரச்சினை. ஒரே ஒரு ஈயத்தகடு கெடைச்சிருக்கு. பெல்லாங்கிற ஊர்ல, கல்லறைக்குள்ள. ஒரு பொம்பளை, தான் நெனைச்ச ஆளு இன்னொருத்தியக் கட்டிறக் கூடாதுன்னு எழுதிச் சுருட்டி வச்சிருக்கா. அது கிரேக்கத்துல ஒரு வட்டாரப் பேச்சு."

"செய்வினைத் தகடு."

"அதேதான்."

"வவுத்தெரிச்சல்ல செய்வினை வைக்கிறவ, அடுத்த வீட்டுப் பாசையில போயா வைப்பா? வீட்டுல பேசுனதத்தான் எழுதியிருப்பா." ராக்கம்மாள் அதோடு பேச்சை முடித்துக்கொண்டு பாக்கு வெட்டத் தொடங்கினாள். நான் அவளை முறைத்தேன். யார் பக்கம் பேசுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

கர்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இன்னொண்ணு கேளுங்க. அலெக்சாண்டருக்கு முன்னோரு ஒருத்தர், அவரு பேரும் அலெக்சாண்டர்தான். ஒலிம்பிக்குல ஓடப் போனாரு. கிரேக்கர் மட்டுந்தான் ஓடலாம், நீ வெளியாளுன்னு தடுத்துட்டாக. எங்க வம்சம் ஆர்கோஸுங்கிற கிரேக்க ஊர்ல இருந்து வந்ததுன்னு சொல்லி நிரூபிச்சாரு. நடுவருக ஒத்துக்கிட்டாக."

"அது நம்ம வரி மாதிரி" என்றார் பின்னாலிருந்த ஒருவர். ஒருவனிடம் கோயில் வரியை நாங்கள் வாங்கிக்கொண்டால்தான் அவன் பங்காளி. வாங்க மறுத்தால் அவன் யாரோ.

"என்னத்தச் சொல்லி நிரூபிச்சாராம்?" ஒச்சாண்டி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"அவுக வம்சக்கதை ஒண்ணு இருக்கு. ஆர்கோஸ்ல இருந்து அண்ணந்தம்பி மூணு பேரு வெளியேறி, வடக்க ஒரு ராசாகிட்ட ஆடு மாடு மேய்ச்சாக. ராசா வெரட்டிவிட்டாரு. கூலி குடுன்னு கேட்டதுக்கு, பொகை போற ஓட்டை வழியா தரையில விழுந்த வெயிலைக் காட்டி, இதான்டா கூலின்னுட்டாரு. கடைசித் தம்பி கத்தியால அந்த வெயிலைச் சுத்திக் கோடு கிழிச்சு, மூணு தரம் மடியில அள்ளிக்கிட்டுப் போனான். அவன்தான் அந்த ராச வம்சத்துக்கு மொத ஆளு."



"பிடிமண்ணு" என்றான் ஒச்சாண்டி.

எங்களில் ஒரு குடும்பம் ஊரை விட்டு வெகுதூரம் போய்ப் பிழைக்க நேர்ந்தால், குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். போன இடத்தில் அந்த மண்ணை வைத்துக் கோயில் எழுப்பிக்கொள்வார்கள். எத்தனை தலைமுறை கழித்துத் திரும்பி வந்தாலும் இன்ன மண் என்று சொன்னால் போதும், பங்காளி பங்காளிதான். மூன்று தரம்தான் அள்ளுவோம்.

"அப்பா, அது மண்ணு இல்ல, வெயிலு" என்றான் கர்ணன். "அதுவும் ஆர்கோஸ்ல அள்ளுனது இல்ல. போற வழியில, வேற ராசா வீட்டுல."

"மூணு தரம் அள்ளுனானா?"

"அள்ளுனான்."

"மடியில கட்டுனானா?"

"கட்டுனான், ஆனா..."

"அப்பறம் என்னலே ஆனா? தீந்து போச்சு. அந்தக் காலத்து மாசிடோனியாக்காரவுக கிரேக்கருதான். மண்ணு எடுத்துட்டுப் போன பங்காளிக."

எல்லாரும் தலையாட்டினார்கள். உலகத்துப் படிப்பாளிகளெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் வழக்கை எங்கள் மண்டபம் ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் தீர்த்துவிட்டது. அந்தத் தீர்ப்பு எனக்கு எதிராக வந்திருக்கிறது என்பது என் மகனுக்குக்கூட உறைக்கவில்லை. அவனும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"அப்ப அலெக்சாண்டரு கிரீஸ்காரவுக வீட்டுப் பிள்ளை. நம்ம மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகமாட்டாரு" என்றான் ஒச்சாண்டி. "இப்பக் கேக்குறேன். மாப்பிள்ளை எந்த மண்ணு?"

"அவுகளுக்குச் சர்ச்சு இருக்கு" என்றேன்.

"சர்ச்சு எல்லாத்துக்கும் பொதுண்ணே. கல்யாணம் முடிச்சு நம்ம பிள்ளை எந்தச் சாமிக்கு மொதப் பொங்கல் வைக்கும்? போற வீட்டுக்குன்னு ஒரு கோயில் வேணுமா வேண்டாமா? அதைச் சொல்லுங்க, நான் இப்பவே வந்து கை வைக்கிறேன்."

அவன் கேட்டதில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

கர்ணன் லேப்டாப்பில் திரிஷாவைக் கூப்பிட்டான். அவள் நிகோலா ஊரில் அவன் பெற்றோரோடுதான் இருந்தாள். திரையில் நிகோலாவின் தகப்பனார் ஸ்டோயான் வந்து உட்கார்ந்தார். வழுக்கைத் தலை, பின்னால் மிளகாய்ச் சரம் தொங்கியது. நிகோலா அவருக்கு அவர்கள் பாஷையில் சொல்ல, திரிஷா எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

நான் கடைசி முயற்சியாக, "சம்பந்தி, நீங்க அலெக்சாண்டர் வம்சந்தானே?" என்றேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவர் சிரித்தார். "இல்லையாம் தாத்தா" என்றாள் திரிஷா. "அலெக்சாண்டர் செத்து தொள்ளாயிரம் வருசத்துக்கு அப்பறந்தான் ஸ்லாவ் சனம் அந்தப் பக்கம் வந்துச்சாம். இவுக பேசுறது அந்தப் பாசைதானாம். இவுக ஊர்லயே நெறையப் பேரு அலெக்சாண்டர் எங்காளுன்னு சண்டைக்கு வருவாகளாம். அத்தையும் அந்தக் கட்சிதான். மாமா மட்டும் இல்லேங்கிறாக."

திரைக்கு வெளியிலிருந்து ஒரு பெண் குரல் கோபமாக ஏதோ சொன்னது. ஸ்டோயான் திரும்பிப் பார்க்காமலே கையை வீசிப் பதில் சொன்னார். அதற்கு யாரும் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை.

"சரிங்க. உங்க ஆளுக எங்க இருந்து வந்தாக? வரும்போது மண்ணு கிண்ணு எடுத்து வந்தாகளா?" என்று ஒச்சாண்டி நேராகக் கேட்டான்.

இதை அங்கே புரியவைக்க நேரம் பிடித்தது. புரிந்தபோது ஸ்டோயானின் முகத்தில் சிரிப்பு இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். திரிஷாவும் கொஞ்சம் கொஞ்சமாகவே சொன்னாள்.

"அவுக அம்மா ஊரு இப்பக் கிரீஸுக்குள்ள இருக்காம். அங்க உள்நாட்டுச் சண்டை வந்தப்ப, ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் சேத்து மலை தாண்டி நடத்திக் கூட்டிட்டு வந்துட்டாகளாம். அதுல ஒரு பிள்ளை இவுக அம்மா. கையில எதுவும் எடுத்துட்டு வரலையாம். வெகுகாலம் கழிச்சு, போனவுக திரும்பி வரலாம்னு உத்தரவு போட்டாக. கிரேக்க இனத்துல பெறந்தவுக மட்டும் வரலாம்னு போட்டாகளாம். இவுக அம்மாவ விடலை. ஊரு பேரையும் முன்னமே மாத்திட்டாக. சாகுற வரைக்கும் அந்தப் பழைய பேரைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாகளாம்."

ஒச்சாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஒலிம்பிக்கில் ஓடவிடாமல் தடுத்ததைக் கேட்டபோது எல்லாருக்கும் கதையாக இருந்தது. இப்போது யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கர்ணன்தான் கெடுத்தான். "அப்பா, நம்ம கோயில்ல இருந்தே ஒரு பிடி மண்ணு குடுத்துருவோம். இன்னையில இருந்து சின்னக்கருப்புதான் அவுகளுக்கும் சாமின்னு."

"நல்ல யோசனை" என்று இரண்டு மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். நானும் வாயைத் திறக்கப் போனேன்.

பாக்குவெட்டி தட்டில் விழுந்த சத்தம் கேட்டது. "கூறுகெட்டவனே" என்றாள் ராக்கம்மாள். "நம்ம மண்ணைக் குடுத்தா அவன் பங்காளி. பங்காளின்னா திரிஷாவுக்கு அண்ணன். அண்ணந் தங்கச்சிக்கா தாலி கட்டப் போறிய? இதுக்கா காலேஜுல சம்பளம் குடுக்குறாக?"

கர்ணன் லேப்டாப் திரையைப் பாதி மூடிக்கொண்டான்.

"அப்ப முறையுள்ள கோயில் மண்ணா இருக்கணும்" என்று ஒச்சாண்டி யோசித்தான். "திரிஷாவுக்கு மாமன் முறை வாற வீடு. திரிஷா அப்பனுக்குத் தாய்மாமன் கோயில் மண்ணைக் குடுத்தா, அந்த வீட்டுப் பேரனா ஆயிருவாரு. மொறமாப்பிள்ளை." சொல்லி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். மண்டபமே என்னைப் பார்த்தது.

என் மகனின் தாய்மாமன் என்றால் ராக்கம்மாளின் தம்பி அம்மாவாசி. பொட்டிப்புரம். திரிஷா பெரியவளான சடங்கில், அவன் கொட்டுமேளத்தோடு சீர் கொண்டுவந்து வாசலில் நின்றான். திரிஷாவின் தாய்மாமன் சீர்தான் முதலில் உள்ளே வர வேண்டும், அவர்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்கள், பொறு என்றேன். முறை முறைதான். அவன் வெயிலில் நின்றான், நின்றான், பிறகு தட்டுகளோடு திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் என் வாசல் மிதிக்கவில்லை. நானும் அவன் வாசல் மிதிக்கவில்லை. ராக்கம்மாள் மட்டும் போய்வருவாள், என்னிடம் சொல்லமாட்டாள்.

"நான் போய்ச் சொல்லவா?" என்று அவள் கேட்டாள்.

"மண்ணு கேக்குறது வீட்டுத் தலைவன் வேலை" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான், அதன் அர்த்தம் எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலையில் பொட்டிப்புரம் போனேன். அம்மாவாசி ரோட்டோரத்தில் மக்காச்சோளத்தைக் கொட்டிக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கிளறுவதை நிறுத்தவில்லை. நான் சோளத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"மாப்ள" என்றேன்.

"வாங்க மாமா. ஃப்ளெக்ஸ் பாத்தேன். குதிரை நல்லா இருந்துச்சு."

"அதை இறக்கியாச்சு."

"ஏன், அலெக்சாண்டரு கோவிச்சுக்கிட்டாரா?"

பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் சொன்னேன். வடக்கு மாசிடோனியா, தகடு, வெயில், ஸ்டோயானின் தாயார், எல்லாம். ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டான். ஸ்டோயானின் தாயார் கதை வந்தபோது கிளறுவதை விட்டான்.

"அந்தம்மாவ ஊருக்குள்ள விடவே இல்லையா?"

"விடலை."

"வாசல்லயே நிப்பாட்டிட்டாக." அவன் என்னை உற்றுப் பார்த்தான். நான் தலையைக் குனியவில்லை. ஆனால் வேறு பக்கமும் பார்க்கவில்லை.

"நானும் உன்னை நிப்பாட்டி வச்சேன்" என்றேன். "முறை என்னமோ சரிதான். வெயில்ல நிக்க வச்சது சரியில்லை. ஒரு பாயாவது போட்டு நெழல்ல உக்கார வச்சிருக்கணும்."

அவன் மறுபடியும் சோளத்தைக் கிளறத் தொடங்கினான். "திரிஷா நேத்தே போன் பண்ணுச்சு மாமா. நான் தாரேன்னு சொல்லிட்டேன். நீங்க வருவியளா, அக்காவ அனுப்புவியளான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. நேற்றே தெரிந்திருந்தால் இந்த ரோட்டில் இத்தனை நேரம் நின்றிருக்க வேண்டியதில்லை. "அப்ப மண்ணு எடுத்துருவோமா?" என்று மட்டும் கேட்டேன்.

"எடுப்போம். ஆனா ஒண்ணு. எங்க மண்ணை எடுத்தா மாப்பிள்ளை எங்க வீட்டுப் பிள்ளை. அப்ப நான் மாப்பிள்ளை வீடு, நீங்க பொண்ணு வீடு."

நான் அதை யோசித்திருக்கவில்லை. ஒச்சாண்டி யோசித்திருப்பான்.

"கொட்டுமேளத்தோட வருவோம். பந்தல் வாசலுக்கு வந்து நீங்கதான் சந்தனம் குடுத்து எதிர்கொள்ளணும். அந்த ஊர்ச் சம்பந்தி எனக்குப் பக்கத்துல வருவாரு. அவருக்கு முறை தெரியாது, நான் சொல்லிக்குடுத்துக்கிறேன்."

"சரி."

"பந்தியில மாப்பிள்ளை வீட்டுக்குத் தனி வரிசை உண்டுல்ல?"

"உண்டு."

"போன தடவை உங்க வீட்டு விசேசத்துல சாம்பார் தண்ணியா இருந்ததா எங்க ஆளுக சொன்னாக."

அவன் சாப்பிடாமல் திரும்பிப் போன விசேஷம் அது. சாம்பார் கெட்டியாகத்தான் இருந்தது. என் வாழ்நாளில் அதை நான் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை.

"இந்தத் தடவை கெட்டியா வைக்கச் சொல்றேன்" என்றேன்.